பூத்த பயிரைப் பிடுங்கித் தந்தவர்

எங்கள் கழனியில் ஒரு போகம் நெல்லுக்கு மலட்டு மருந்து அடித்தோம் என்று சொன்னால் இன்றைக்கும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். பூச்சி மருந்து தெரியும், களை மருந்து தெரியும், இது என்ன கூத்து என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். எழுத இன்னொரு காரணமும் உண்டு. என் பெயருக்குப் பின்னால் நான் போட்டுக்கொள்ளும் பட்டத்தில் பாதி, எங்கள் கழனியை ஒட்டிய கரும்புக்கு அந்தப்பக்கம் பயிர் வைத்திருந்த ஒரு அம்மாளுக்குச் சேர வேண்டியது. அதை ஊரறியச் சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது.

எழுபதுகளின் கடைசி. நாங்கள் வில்லியனூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம். மாதா கோயில் மணி அடித்தால் பூசைக்கு, அடிக்காத நேரமெல்லாம் கழனிக்கு என்று வாழ்ந்தவர்கள். எங்கள் நிலம் கரிக்கலாம்பாக்கம் போகிற சாலைக்குக் கீழே இருந்தது. நான் விவசாயக் கல்லூரியில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். பயிர் வைக்கிறவன் மகள் பயிர் வைப்பதைப் படிக்க எதற்குக் கல்லூரி என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் அப்பாவைக் கேட்டார்கள். அப்பா என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். இந்தச் சம்பா போகத்தோடு ஆராய்ச்சி முடிந்தால் முடிந்தது, முடியாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கும் ஒருவர் தன் மகனுக்கு என்னைக் கேட்டு அனுப்பியிருந்தார். அவர்களை இதற்கு மேல் காக்க வைக்க அப்பாவால் முடியாது. எனக்கோ படிப்பை முடிக்காமல் போவதற்குப் பாகூர் ஏரியில் விழலாம் போலிருந்தது.

என் ஆராய்ச்சி இதுதான். நெல் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே உமிக்குள் குடித்தனம் நடத்துகிறார்கள். பூ வாயைத் திறக்கும்போதே தன் மகரந்தம் தன்மேலேயே விழுந்து காய் பிடித்துவிடும். வேறு ரகத்தோடு சேர்த்துக் கலப்பு விதை வேண்டுமென்றால் முதலில் அந்த ஆணை அப்புறப்படுத்த வேண்டும். கத்தரிக்கோலும் ஊசியும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு உமியாகத் திறந்து செய்யலாம்தான். அப்படிச் செய்தால் ஒரு பிடி விதைக்கே கண் பூத்துப்போகும். எங்கள் பேராசிரியர் வடக்கே இருந்தபோது கோதுமையில் வேறு வழி பார்த்திருந்தார். கதிர் இன்னும் வெளியே வராமல் இலை உறைக்குள், தொண்டையில், இருக்கும் பருவத்தில் ஒரு மருந்தைத் தெளித்தால் ஆண் பகுதி மட்டும் மலடாகிவிடும், பெண் பகுதி நன்றாகவே இருக்கும். பக்கத்து வரிசையில் வேறு ரகத்தை நட்டு, அதன் மகரந்தம் காற்றில் வந்து விழும்படி செய்தால் கலப்பு விதை கிடைக்கும். எங்கள் சீமையில் கோதுமைக்கு எங்கே போவது? ரேஷன் கடையில் மாவாகத்தான் பார்த்திருக்கிறோம். அதனால் இதையே நெல்லில் செய்து பார் என்று என்னிடம் கொடுத்தார்.

கல்லூரிப் பண்ணையில் சுற்றிலும் நெல். வேண்டாத மகரந்தம் வந்து விழும். அப்பாவின் கழனிக்கோ இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு. மேலும் ஊரில் எல்லாரும் புது ரகத்துக்கு மாறியிருந்தார்கள், அவர்கள் பயிர் என்னுடையதற்கு முன்பே பூத்து ஓய்ந்துவிடும். அதைவிட வசதியான இடம் கிடைக்காது என்று பேராசிரியரே வந்து பார்த்துச் சொன்னார். அப்பா மூலையில் ஒரு துண்டு ஒதுக்கித் தந்தார். குட்டையான புது ரகம் தாய் வரிசை. மருந்து அதற்கு மட்டும். நெட்டையான கிச்சிலிச் சம்பா தந்தை வரிசை. அதற்கு மருந்து கிடையாது. தாய் வரிசையில் சில கதிர்களுக்கு எண்ணெய்க் காகிதத்தில் பை மாட்ட வேண்டும். பைக்குள் காய் பிடிக்கவில்லை என்றால்தான் மருந்து வேலை செய்தது என்று அர்த்தம். களையெடுக்க வந்த பெண்கள் அந்தப் பைகளைப் பார்த்துப் பயிருக்கு முக்காடு போட்டிருக்கிறாள் என்று என்னைப் படாத பாடு படுத்தினார்கள். எந்த மாதா கோயிலுக்கு அழைத்துப்போகப் போகிறாய் என்றாள் ஒருத்தி.

மருந்தடிக்கும் நாளில் எனக்குக் கல்லூரியில் பரீட்சை. கதிர் எனக்காகக் காத்திருக்குமா? அப்பாவே அடிப்பதாகச் சொன்னார். எந்த வரிசைக்கு, எவ்வளவு என்று அவருக்குக் காட்டிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து கேட்டபோது, அழகாக அடித்துவிட்டேன், கவலைப்படாதே என்றார். நானும் கவலைப்படவில்லை.

பூ விடத் தொடங்கிய முதல் நாள் காலையில் கயிறு எடுத்துக்கொண்டு போனேன். பத்து மணி வாக்கில் வெயில் ஏறும்போது நெல் பூ வாய் திறக்கும். அந்நேரம் கயிற்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தந்தை வரிசையின்மேல் இழுத்துக்கொண்டே போனால், மாவு சலிக்கும்போது பறப்பதுபோல் மகரந்தம் கிளம்பும். நானும் அம்மாவும் இழுத்தோம். ஒன்றும் கிளம்பவில்லை. இன்னொரு தரம் இழுத்தோம். கிளம்பவே இல்லை. கிச்சிலிச் சம்பாவின் உமி ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மஞ்சளாகக் கொழுத்திருக்க வேண்டிய மகரந்தப் பை வெளுத்துச் சூம்பியிருந்தது. இன்னொன்றைப் பிரித்தேன், இன்னொன்றை. எல்லாம் அப்படியே. 

அப்பா மடையில் மண் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய காரியம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"டேங்குல கொஞ்சம் மீந்து போச்சு. மருந்தப் போயி வரப்புல கொட்டுவாங்களா? அந்த வரிசைங்க மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு, அதுக்கும் ஒரு வாட்டி வுட்டேன்."

இதை விவசாயி மட்டும்தான் செய்வான். மருந்து என்றால் அவனுக்கு நல்லது. மீந்த மருந்தை மண்ணில் ஊற்றுவது சோற்றைக் குப்பையில் கொட்டுவது மாதிரி. பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஒருத்தனுக்குப் போட்டு ஒருத்தனுக்குப் போடாமல் விடுவானா? எங்கள் அப்பா பயிருக்கு வஞ்சகம் செய்யாத மனுஷன். அந்த நல்ல குணம் என் படிப்பின் தலையில் மண்ணை வாரிப் போட்டது. இன்று சிரிக்கிறேன். அன்று வரப்பில் நின்று கத்தினேன். கத்தி முடித்து அழுதேன். பெண்ணாகத் தயார் செய்தது தாயாகாமல் நிற்கிறது, ஆணாக நட்டது ஆணாக இல்லை, மொத்தத் துண்டும் பதராகப் போகிறது என்று விம்மிக்கொண்டே சொன்னேன். அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் செத்துப்போனதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பாதி போய்விட்டது.

ஒரு கதிர் முழுக்கப் பூத்து முடிய ஒரு வாரம் போல ஆகும். அதற்குள் வேறு எங்கிருந்தாவது பூத்த கிச்சிலிச் சம்பா கிடைத்தால், அந்தக் குத்துகளை வேரோடு கொண்டுவந்து தாய் வரிசைக்குப் பக்கத்தில் ஊன்றலாம். வெட்டிய கதிர் ஆகாது. நெல் மகரந்தத்துக்கு ஆயுசு சில நிமிஷம்தான். இங்கே வந்து பூக்க வேண்டும், இங்கேயே விழ வேண்டும். இதை இரண்டு பேரிடமும் சொன்னேன். அம்மாதான், கரும்புக்கு அந்தாண்ட இருக்கிறதே என்றாள்.

இருந்தது. ஊரில் எல்லாரும் ரகம் மாற்றியபோது, அந்தச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்காது என்று கிச்சிலிச் சம்பாவையே கட்டிக்கொண்டு அழுதவர் நான் பெரியம்மா என்று கூப்பிடும் ஒருத்தர்தான். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் இறந்து பல வருஷம். பிள்ளை கிடையாது. இருக்கிற நிலத்தைத் தனி ஆளாகக் கட்டி மேய்த்தார். எங்கள் வீட்டுக்கும் அவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. காரணம் அப்பாவின் வாய். தண்ணீர் முறையில் வந்த சண்டை. மடையை நீ திறந்தாய், நான் திறந்தேன் என்று முற்றிப்போய், அப்பா நடு வாய்க்காலில் நின்றுகொண்டு, மலடிக்கு எதுக்குடி இவ்வளவு தண்ணி என்று கேட்டுவிட்டார். அத்தனை பேர் இருந்தார்கள். பெரியம்மா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் வரப்பில் அவர் காலே வைத்ததில்லை.

அந்த வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். அதுவும் எதைக் கேட்க? எங்கள் பக்கத்தில் பூத்த பயிருக்குள் காலையில் யாரும் இறங்க மாட்டார்கள். பூ உதிர்ந்துவிடும் என்று மாட்டைக்கூட அந்தப் பக்கம் ஓட்ட மாட்டார்கள். அந்தப் பயிரைக் குத்துக் குத்தாகப் பிடுங்கிக் கொடு என்று கேட்க வேண்டும். நான் மட்டும் போவதாகச் சொன்னேன். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பெரியம்மா வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் புல்லையே அறுத்தார். நான் மென்று விழுங்கிச் சொன்னேன். மருந்து, வரிசை, மீந்தது, அப்பா அடித்தது, இந்தப் போகம் போனால் என் படிப்பு போய்விடும் என்பது, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு அப்பா பக்கம் கையைக் காட்டி, "அடிச்சவரு வாயில இன்னா, கொழுக்கட்டையா?" என்றார். 

போ என்று விரட்டவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. மருந்தடித்த பயிரைக் காட்டு என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வரப்பில் கால் வைத்தார். நான் ஒரு உமியைப் பிரித்துக் காட்டினேன். அவர் அதை உள்ளங்கையில் வாங்கி வெயிலில் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இந்தச் சூம்பிக் கெடக்குறது எது?"

"அது ஆம்பளப் பகுதி, பெரிம்மா. மருந்துல மலடாயிடுச்சு."

"நடுவுல கோழி றெக்க மாதிரி கீதே, இது?"

"அது பொம்பளப் பகுதி. அதுக்கு ஒண்ணும் ஆகல. வேற பயிரோட பூ வந்து வுழுந்தா காய் புடிக்கும்."

"வுழலன்னா?"

"பதராப் போயிடும்."

அவர் அந்த உமியைக் கீழே போடவில்லை. எனக்குப் பதில் சொல்கிற மாதிரியும் இல்லை, அப்பாவைப் பார்த்துச் சொல்கிற மாதிரியும் இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகலதான். ஆனா பாக்குறவன் இது பதருன்னுதான சொல்லுவான்."

 பாடமாகப் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியிருந்தேன், படம் போட்டுப் பாகம் குறித்திருந்தேன். அது ஒரு மனுஷியின் வாழ்க்கை முழுக்கத் தொட்டுக்கொண்டு போகிற விஷயம் என்று எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. அப்பாவுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே நின்றார்.

பெரியம்மா சேலையைத் தூக்கிச் செருகினார். தன் கழனிக்குப் போனார். யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்று எங்களைத் தடுத்துவிட்டு அவரே இறங்கினார். குனிந்து முதல் குத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார். அது வேரோடு சேறும் சகதியுமாகக் கிளம்பி வந்தது. பூத்த பயிரைப் பிடுங்கும் அந்தச் சத்தம் எனக்கே நெஞ்சில் பிடித்தது. வளர்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் முகத்தைக் காட்டவே இல்லை. அலுமினிய பேசின்களில் சேற்றோடு வைத்து, பேசின் நிரம்ப நிரம்ப அம்மாவும் நானும் களையெடுக்கும் பெண்களும் தலையில் தூக்கிக்கொண்டு கரும்பைச் சுற்றி ஓடினோம். அப்பா குழி எடுத்து ஒவ்வொரு குத்தாக ஊன்றித் தண்ணீர் விட்டார். முதல் நாளே கயிறு இழுத்தபோது தூசி கிளம்பியது. வெயிலில் மஞ்சளாக மிதந்து குட்டைப் பயிரின்மேல் இறங்கியது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிடுங்கிய குத்து வாடிவிடும். அதனால் பூ முடியும் வரைக்கும் விடிந்ததும் புதுசாகப் பிடுங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் பெரியம்மாவே இறங்கினார். அவர் கழனியில் நல்ல இடமாகப் பார்த்து ஒரு மூலையே மொட்டையாகிவிட்டது. போதும் பெரியம்மா, கிடைத்த வரை போதும் என்று நான் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் பிடுங்கின பயிருக்குக் கேவலம் என்று சொல்லிவிட்டார். அந்த நெல்லுக்கு ஈடாக அப்பா எங்கள் களத்திலிருந்து மூட்டை அனுப்பப் பார்த்தார். உங்கள் புது ரகச் சோறு எனக்கு எதுக்கு என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். வண்டிக்காரன் வந்து சொன்னபோது அப்பா சிரித்தார். அந்த வீட்டுப் பேச்சைக் கேட்டு அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

பால் பிடித்தது. எல்லாக் கதிரிலும் இல்லை. மருந்தின் வேகத்தில் பல கதிர்கள் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டு முழுசாக வெளியே வரவில்லை. வந்த கதிரிலும் பாதிக்கு மேல் பதர். ஆனால் பை மாட்டிய கதிர்களில் ஒரு மணிகூட இல்லை, மாட்டாத கதிர்களில் அங்கங்கே மணி நின்றது. அது போதும். பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் அப்பாவைக் கோபிக்கவில்லை. தந்தை வரிசையும் மருந்தில் மலடாகும் என்பது தெரிந்துபோயிற்று, அதையும் சேர்த்து எழுது என்று சிரித்துவிட்டுப் போனார். அந்த மருந்து முறை கடைசியில் விவசாயிகள் கைக்கு வரவே இல்லை என்பது வேறு கதை. பிறகு வந்த வீரிய ரகங்கள் வேறு வழியில் வந்தன.

இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. கிடைத்த விதையை விதைத்து, முளைத்து வருவது உண்மையிலேயே கலப்புப் பயிர்தானா என்று காட்டினால்தான் பட்டம். முளைக்காவிட்டால் இத்தனையும் விழலுக்கு இறைத்த நீர். பென்ஷன்காரர் வீட்டுக்கு அப்பா இன்னும் கொஞ்ச நாள் தவணை சொல்லி அனுப்பியிருந்தார். சித்திரையில் நாற்றங்கால் ஓட்டித் தயாராக இருந்தது. ஒரு சின்னக் கிண்ணம் அளவு விதை, அவ்வளவுதான். ஊறவைத்து அம்மா எடுத்து வந்தாள்.

எங்கள் பக்கத்தில் முதல் கை விதையைப் பிள்ளை பெற்றவள்தான் தூவ வேண்டும். பிள்ளை இல்லாதவர்கள் அன்றைக்கு அந்த வரப்புப் பக்கம் வரவே மாட்டார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே ஒதுங்கிக்கொள்வார்கள். வேதக்காரர், இந்து என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. எங்கள் வீட்டில் எப்போதும் அம்மாதான் தூவுவாள். அன்றும் அம்மா சேலையைச் செருகிக்கொண்டு இறங்கப் போனாள். அப்பா, நீ இரு என்றார். கரும்பைச் சுற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது பின்னால் பெரியம்மா வந்துகொண்டிருந்தார். எதற்குக் கூப்பிட்டார் என்று அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. நாற்றங்காலையும் அம்மா கையிலிருந்த கிண்ணத்தையும் பார்த்ததும் நின்றுவிட்டார். திரும்பியே போயிருப்பார்.

அப்பா கிண்ணத்தை வாங்கி அவர் முன்னால் நீட்டினார். வேலைக்கு வந்த பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா கையை நீட்டவில்லை.

"வேணாம்பா. பொண்ணு படிப்பு. முளைக்காம போச்சுன்னா காலத்துக்கும் எம்மேல சொல்லுவாங்க."

அப்பா குரலைத் தாழ்த்தவில்லை. அன்று வாய்க்காலில் கத்தியபோது எத்தனை பேருக்குக் கேட்டதோ அத்தனை பேருக்கும் இதுவும் கேட்கட்டும் என்றுதான் பேசினார் என்று நினைக்கிறேன்.

"முளைக்கலன்னா அது எங்கொற, அக்கா. மருந்தடிச்சவன் நானு. நீ தூவு."

பெரியம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சேற்றில் இறங்கினார். முதல் கையைக் குனிந்து மெல்லத் தூவினார். இரண்டாவது கையை நிமிர்ந்து நின்று வீசினார்.